லைட்டுக்குக் கொடுக்கும் காசை ரேமுக்குக் கொடுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. வீட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுத ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும், கையில் காசு குறைவு, எதை வாங்குவது, எதை விடுவது? சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவளுக்கு இது தினமும் காதில் விழும் கேள்வி. அதனால் மற்றவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். விலை மட்டும் எழுதப் போவதில்லை. ஏஐ சர்வர்களுக்கே சிப் கம்பெனிகள் முதலிடம் கொடுப்பதால் 2025 கடைசியிலிருந்து ரேம் (ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) விலை ஏறிய ஏற்றம் உங்களுக்கே தெரியும். நான் இங்கே எழுதும் எண் புத்தகம் உங்கள் கைக்கு வருவதற்குள் பழசாகிவிடும். முதல் கடிதம் இது.

நான் வெப் டெவலப்பர். ஆபீஸ் லேப்டாப் தவிர, சொந்தமாக எடுத்துச் செய்யும் வேலைக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும். நோட், ரியாக்ட், டாக்கர், எப்போதாவது ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. மானிட்டர் இருக்கிறது, மற்றதற்கு 45 ஆயிரம் வைத்திருக்கிறேன். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன்: ஐ5-12400எஃப், 8 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ்ஸோடு (பவர் சப்ளை) கூடிய, வண்ண லைட் எரியும் ஆர்ஜிபி கேபினெட். வாங்கலாமா அக்கா?
– வாசகர், தண்டையார்பேட்டை

வேண்டாம் தம்பி. இது கேம் விளையாடும் பிள்ளைக்குப் போட்ட கொட்டேஷன். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் அந்த எஃப். இன்டெல் பிராசஸர் பெயர் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு செருகாமல் மானிட்டரில் படமே வராது. எஃப் இல்லாத சாதா ஐ5-12400க்குள் யுஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது. எடிட்டர், பிரவுசர், இரண்டு மானிட்டர் எல்லாவற்றுக்கும் அது தாராளம். எஃப் மாடலில் கொஞ்சம் காசு மிச்சம் என்று காட்டிவிட்டு, அதைச் சாக்காக வைத்துப் பழைய 4 ஜிபி கார்டு ஒன்றைத் தலையில் கட்டுவது ரொம்ப நாளாக நடக்கிற வியாபாரம். ஏஎம்டியிலும் இப்படி ஒரு இடம் உண்டு. ரைசன் 5 5600 என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் இருக்கிறது. பெட்டியை இரண்டு முறை படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் வேலையில் நீங்கள் எங்கே காத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். புராஜெக்ட்டுக்கு வேண்டிய லைப்ரரிகளை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் இறங்கும். அது டிஸ்க்கின் வேலை. புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கரில் டேட்டாபேஸ், பேக்எண்ட், ரெடிஸ் என்று வரிசையாக ஏற்றினால் அது ரேமுக்குச் சுமை. டைப்ஸ்கிரிப்ட் செக், ஆண்ட்ராய்டு பில்ட் எல்லாம் பிராசஸரிடம் போகும். கிராபிக்ஸ் கார்டுக்கு இதில் எங்கே வேலை? அதை எடுத்துவிடுங்கள். அந்தக் காசில்தான் உங்கள் சிஸ்டத்தைச் சரிசெய்யப் போகிறோம்.

8 ஜிபி ரேம் போதவே போதாது. விண்டோஸ், விஎஸ் கோடு, குரோமில் இருபது டேப் – அதோடு 8 ஜிபி முடிந்தது. விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் பொதுவாக விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 மேல்தான் ஓடும். நீங்கள் வரம்பு வைக்காவிட்டால் அது மொத்த ரேமில் பாதி வரைக்கும் எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு எமுலேட்டர் திறந்தால் அதற்கு வேறு சில ஜிபி. ரேம் தீர்ந்த பிறகும் சிஸ்டம் நிற்காது. டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை எடுத்து ரேம் போல ஓட்டிச் சமாளிக்கும். அந்த நேரத்தில்தான் மவுஸ் இழுத்து இழுத்துப் போகும். பிராசஸர் ஸ்லோ என்று என் கடைக்கு வரும் சிஸ்டங்களில் பாதிக்கு ரேமைக் கூட்டினாலே சரியாகிவிடுகிறது. பிராசஸரை யாரும் தொட வேண்டியதில்லை.

ஆகவே 16 ஜிபி, அதுவும் ஒரே ஸ்டிக்காக. இரண்டு 8 ஜிபி போட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும் டூயல் சேனலில் வேகம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். கேமிலும் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸிலும் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். புரோகிராம் எழுதுபவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் விலை குறைந்த எச்610 (இன்டெல்), ஏ520 (ஏஎம்டி) மதர்போர்டுகளில் பெரும்பாலும் ரேம் ஸ்லாட் இரண்டுதான். இரண்டையும் இன்றே நிரப்பிவிட்டால், 32க்குப் போகும் நாளில் இரண்டு ஸ்டிக்கையும் கழற்றி வந்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். இன்று ஒன்று போடுங்கள், விலை இறங்கும்போது அதே வேகத்தில் இன்னொன்று.

போர்டு வாங்கும்போது அது ஏற்கும் ரேம் டிடிஆர்4 தலைமுறையா, டிடிஆர்5 தலைமுறையா என்று கேளுங்கள். 12400 இரண்டிலும் ஓடும், ஆனால் ஒரு போர்டு ஒன்றைத்தான் ஏற்கும். ஸ்டிக்கில் உள்ள பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவும் முடியாது. யாரிடமாவது நல்ல டிடிஆர்4 ஸ்டிக் சும்மா கிடந்தால் டிடிஆர்4 போர்டே லாபம். ஏஎம்டியின் புது ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 மட்டும்தான் எடுக்கும். இன்றைய ரேம் விலையில் உங்கள் பட்ஜெட்டுக்கு அது தள்ளி நிற்கட்டும். காசு இடம் கொடுத்தால் எச்610ஐ விட்டு பி660, பி760 பக்கம் போங்கள். நான்கு ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டு உள்ள மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.2 இரண்டு இருந்தால் பின்னால் டிஸ்க் கூட்டுவது அரை மணி வேலை. 5600ஜி எடுப்பதாக இருந்தால் பி550 போர்டு. 12400-ஆ 5600ஜி-யா என்றால் எனக்கு 12400 மேல் ஒரு சாய்வு உண்டு, ஒற்றை கோர் (பிராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி) வேகம் அதில் அதிகம். ஆனால் அன்றைக்குப் போர்டோடு சேர்த்து எது மலிவோ அதை எடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். இரண்டுமே 6 கோர், 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை ஓடும். பெட்டியோடு வரும் ஃபேனே போதும். வாட்டர் கூலர் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

256 எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டையும் அடித்துவிட்டு போர்டிலேயே செருகும் வேகமான வகையான 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று எழுதச் சொல்லுங்கள். டாக்கர் இமேஜ், ஆண்ட்ராய்டு எஸ்டிகே, நாலைந்து புராஜெக்ட்டின் நோட் மாட்யூல்ஸ் சேர்ந்தால் 256 ரொம்ப நாள் தாங்காது. அப்புறம் புராஜெக்ட்டை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவீர்கள், மறுபடி காத்திருப்பீர்கள். பழைய கேபிள் இணைப்பில் ஓடும் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, பிசிஐஇ 3.0 என்விஎம்இ 3,500 எம்பி என்று பெட்டியில் இருக்கும். குட்டி ஃபைல்களில் அந்த ஆறு மடங்கு வித்தியாசம் கிடைக்காது, நம்பி ஏமாறாதீர்கள். இருந்தாலும் விலை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் என்விஎம்இயே எடுக்கலாம். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையா, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி வகையா என்று மட்டும் பாருங்கள். கியூஎல்சியில் பெரிய காப்பி ஓடும்போது பாதி வழியில் வேகம் சரிந்துவிடும். 5 வருட வாரன்டி போட்ட மாடலாக இருந்தால் நல்லது.

காசே செலவில்லாத ஒரு வேகமும் இருக்கிறது. டபிள்யூஎஸ்எல் பயன்படுத்தினால் புராஜெக்ட்டை சி டிரைவில் வைத்து அங்கிருந்து ஓட்டாதீர்கள், லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள். இரண்டு பக்கமும் தாண்டித் தாண்டிப் படிப்பதில் குட்டி ஃபைல்கள் ரொம்பவே மெதுவாகிவிடும். விண்டோஸ் 11-இல் டெவ் டிரைவ் என்று ஒரு வசதி இருக்கிறது, குறைந்தது 50 ஜிபி ஒதுக்க வேண்டும். ஆன்ட்டி வைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் நிறுத்தி வைத்துச் சோதிப்பது அதில் குறையும்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வருவதை வாங்கவே வாங்காதீர்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. நம் பக்கத்துக் கரன்ட் ஏறி இறங்கும்போது முதலில் அடி வாங்குவது அதுதான். போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கார்டு இல்லாத உங்கள் சிஸ்டத்துக்கு 450 வாட்டே அதிகம். ஆனால் மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை, தனியாக வாரன்டி, பெயர் தெரிந்த பிராண்டு – இந்த மூன்றும் இருக்கட்டும். கேபினெட் முன்பக்கம் வலையும் தூசி ஃபில்டரும் உள்ளதாகப் பாருங்கள். லைட் எரிய வேண்டிய அவசியம் இல்லை.

45 ஆயிரத்தில் அடங்குமா என்றால் ரேம் அன்றைக்கு என்ன விலை சொல்கிறது என்பதைப் பொறுத்தது. இடித்தால் எஸ்எஸ்டியை 500 ஜிபி ஆக்குங்கள், போர்டை எச்610க்கு இறக்குங்கள். ரேமிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.

அக்கா, ஆன்லைனில் 14 கோர் ஜியான் பிராசஸர், போர்டு, 32 ஜிபி ரேம் மூன்றும் சேர்த்து ஒரு செட்டாக விற்கிறார்கள். ஐ5 சிஸ்டத்தில் பாதி விலை. 28 த்ரெட் என்றால் கம்பைல் பறக்குமே?
– இன்ஜினீயரிங் மாணவர், வியாசர்பாடி

நீங்கள் சொல்வது இ5-2680 வி4 ஆக இருக்கும். 2016-இல் வந்த சர்வர் பிராசஸர். டேட்டா சென்டரில் உழைத்து ஓய்ந்து, கழித்துக் கட்டியவை இப்படிச் சந்தைக்கு வருகின்றன. போர்டு மட்டும் புதுசு, அதையும் பெயர் தெரியாத கம்பெனி செய்திருக்கும்.

மொத்தமாக ஒரு பெரிய சி++ புராஜெக்ட்டைக் கம்பைல் செய்தால் 14 கோரும் ஓடும், நன்றாகவே இருக்கும், மறுக்கவில்லை. கல்லூரியில் நீங்கள் செய்வது அதுவா? ஒரு ஃபைலை மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்றுவீர்கள். அதற்கு ஒற்றைக் கோரின் வேகம்தான் வேண்டும். இதன் டர்போ, அதாவது உச்ச வேகமே 3.3 கிகாஹெர்ட்ஸ்தான். ஐ5-12400இன் டர்போ 4.4, ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸிலும் செய்யும் வேலையும் அதிகம். உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால் கார்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலிலும் இது இல்லை. ரேம் பெரும்பாலும் சர்வருக்கான ரெஜிஸ்டர்டு இசிசி வகையாக இருக்கும், நாளைக்கு வேறு சாதா போர்டு வாங்கினால் அந்த 32 ஜிபியை அங்கே செருக முடியாது.

வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி வேறு: கரன்ட் பில். 120 வாட் பிராசஸர், கூட ஒரு கார்டு. 12400 சிஸ்டத்தைவிடச் சராசரியாக 60 வாட் கூடுதலாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 8 மணி நேரம், இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 29 யூனிட். அரசு இலவசமாகக் கொடுக்கும் யூனிட்டில் நல்ல பங்கை அதுவே தின்றுவிடும். போர்டு போனால் மாற்றுப் போர்டும் பக்கத்தில் கிடைக்காது. லினக்ஸ் சர்வர், விர்ச்சுவல் மெஷின் என்று நோண்டிப் பார்க்க இரண்டாவது பெட்டியாக வேண்டுமானால் வாங்குங்கள். இருக்கிற ஒரே சிஸ்டம் அதுவாக இருக்கக் கூடாது.

என் மகள் பிசிஏ படிக்கிறாள். சாஃப்ட்வேர் படிப்புக்குக் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்று கடையில் சொல்கிறார்கள். எங்கள் வீடு கடலுக்கு ரொம்பப் பக்கம். மாமா வீட்டில் இருந்த கம்ப்யூட்டர் இரண்டே வருஷத்தில் உள்ளே பச்சை பிடித்துப் போய்விட்டது. வாங்கவே பயமாக இருக்கிறது மேடம்.
– வாசகி, காசிமேடு

கட்டாயம் இல்லைங்க. பிசிஏவில் வரும் சி, ஜாவா, பைத்தான், எஸ்க்யூஎல், வெப் எதற்கும் கார்டு தேவைப்படாது. மேலே தண்டையார்பேட்டைத் தம்பிக்குச் சொன்னதில் பிராசஸரை ஐ3-12100 ஆக இறக்கிக்கொள்ளுங்கள். 4 கோர், 8 த்ரெட், உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு. ரேம் 16, எஸ்எஸ்டி 500. படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது அதே போர்டில் பிராசஸரை மட்டும் மாற்றலாம். அந்த சாக்கெட்டில் இன்டெல் 12, 13, 14 ஆம் தலைமுறை எல்லாம் உட்காரும், போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்தால் போதும்.

உங்கள் பயம் நியாயமானது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரம் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினைதான். காற்றில் வரும் உப்பு போர்டின் மேல் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்கும், ரேம் கால்களில் ஒரு படலம் உட்காரும். அதோடு கண்டெய்னர் லாரி ஓடும் சாலையின் தூசியும் சேர்ந்தால் உப்பும் தூசியும் பிசைந்த களி மாதிரி ஃபேனில் ஒட்டிக்கொள்ளும். சாதா பிளோயரில் அது போகாது.

கேபினெட்டைக் கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். உள் அறை இருந்தால் உள் அறை. டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தவும் கூடாது, சூடு போக வழியில்லாமல் போகும். கண்ணாடிப் பக்கம் வைத்து நாலைந்து ஃபேன் போட்ட கேபினெட் நம் ஊருக்கு ஆகாது. ஒவ்வொரு ஃபேனும் இன்னும் கொஞ்சம் உப்புக் காற்றை உள்ளே இழுக்கும். முன்னால் ஃபில்டரோடு ஒன்று, பின்னால் ஒன்று போதும். ஃபில்டரை மாதம் ஒரு முறை கழற்றி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். கம்ப்யூட்டரைத் தினமும் போடுவது நல்லது. ஓடும்போது வரும் சூட்டில் ஈரம் தங்காது. லீவில் ஒரு மாதம் மூடி வைத்துவிட்டுத் திறக்கும் சிஸ்டம்தான் என் கடைக்கு அதிகமாக வருகிறது. திடீரென்று படம் வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்றால் பயப்படாதீர்கள், கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில் தங்கக் கால்களைத் துடைத்து, காய்ந்தபின் செருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இதை மகளுக்கே கற்றுக்கொடுத்துவிடுங்கள். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேபினெட் தரையில் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வந்த சிஸ்டங்களில் மேஜை மேல் இருந்தவை தப்பித்தன, மேஜைக்குக் கீழே இருந்தவற்றில் எஸ்எஸ்டியை மட்டும்தான் காப்பாற்ற முடிந்தது. நனைந்துவிட்டால், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீரைவிட அந்த சுவிட்ச்தான் போர்டைக் கொல்லும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அப்படியும் கரன்ட் போகும்போது சில சமயம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. தனி யுபிஎஸ் வாங்க வேண்டுமா? கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் வேறு.
– வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், கொடுங்கையூர்

இன்வெர்ட்டர் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று. பெரும்பாலான வீடுகளில் அது நார்மலில்தான் கிடக்கும். கரன்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தைத் தாங்குவது எஸ்எம்பிஎஸ்ஸின் வேலை. நல்ல எஸ்எம்பிஎஸ் 17 மில்லிசெகண்ட் சுமாருக்குத் தாங்கும். நார்மல் மோடில் இன்வெர்ட்டர் அதைவிடத் தாமதமாக மாறலாம், யுபிஎஸ் மோடில் அதற்குள் மாறிவிடும். முதலில் அந்த சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள், செலவே இல்லை. அப்படியும் ரீஸ்டார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் கிழடாகியிருக்கும், அல்லது இன்வெர்ட்டர் மின் அலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டித் தரும் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சர்க்யூட் உள்ள புது எஸ்எம்பிஎஸ்களில் சிலவற்றுக்கு ஸ்கொயர் வேவ் ஒத்துக்கொள்ளாது. இன்வெர்ட்டர் மாற்றும்போது லைன் கரன்ட் மாதிரியே வழவழப்பான அலை தரும் ப்யூர் சைன் வேவாக எடுங்கள். அதுவரை கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது 360 வாட் அளவுதான், லேசர் பிரிண்டரையும் ஃபேனையும் அதில் மாட்டிவிடாதீர்கள். மோடத்துக்கும் ஒரு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் ஓடி, வைஃபை அணைந்து, மீட்டிங்கில் பாதியில் காணாமல் போனவர்கள் நிறைய பேர்.

ஷாக் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் வழியாக லேசாகக் கசியும் கரன்ட் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டிலேயே நிற்கும், உங்கள் விரல் வழியாகப் போகும். சுருக்கென்று குத்துவதோடு முடிந்தால் பெரும்பாலும் அந்தக் கசிவுதான், ஆனால் உள்ளே வயர் தொட்டுக்கொண்டிருந்தாலும் எர்த் இல்லாத வீட்டில் அதே ஷாக்தான், பலமாக. பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்பதில் கூச்சமே படாதீர்கள், உயிர் விஷயம்.

மொத்தமே 20 ஆயிரம்தான் இருக்கிறது. பழசைச் சரிபார்த்து விற்கும் ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் சிஸ்டம், ஐ5 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி, புது எஸ்எஸ்டி போட்டுத் தருகிறார்கள். எடுக்கலாமா?
– வேலை தேடிக்கொண்டிருப்பவர், பெரம்பூர்

20 ஆயிரத்துக்குப் புதுசாக அசெம்பிள் செய்வதைவிட ரீஃபர்பிஷ்டே மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறாம் தலைமுறை வேண்டாம், எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேளுங்கள். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், அதை நம்பி இன்டர்வியூ நாளில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐ5-8500 கிடைத்தால் 6 கோர், படிக்கவும் வேலை தேடவும் நன்றாகவே போதும். லினக்ஸ் மட்டும்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆறாம் தலைமுறையும் ஓடும், ஆனால் அதில் 4 கோர்தான்.

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரிப் பெட்டிகள் கட்டுமானத்தில் கெட்டி. ஆனால் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அவர்களுக்கே உரிய அளவில் இருக்கும். போனால் சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதே மாதிரிப் பழசைத் தேட வேண்டும். புத்தக அளவுக் குட்டி மாடலில் லேப்டாப் ரேம்தான் போகும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலேயே டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டி, எஸ்எஸ்டி உண்மையிலேயே புதுசா, எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். 8 ஜிபி இருக்கிறது என்றால் காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

ரிச்சி தெருவா, ஆன்லைனா?
– பழைய வண்ணாரப்பேட்டை

இரண்டிலும் விலை கேளுங்கள். போர்டும் பிராசஸரும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்குவது எனக்குப் பிடிக்கும். கடையிலேயே பெட்டியைப் பிரித்து, போர்டில் பிராசஸர் சாக்கெட்டின் பின்கள் வளையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். காலையில் கடை திறந்ததும் போங்கள், நின்று பதில் சொல்ல ஆள் இருக்கும். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று கண்ணடிப்பவரிடம் வாங்காதீர்கள். எஸ்எஸ்டிக்கு 5 வருஷம், பிராசஸருக்கு 3 வருஷம் என்பதெல்லாம் பில்லும் பெட்டி மேல் உள்ள சீரியல் நம்பரும் இருந்தால்தான். பில்லிலேயே சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். பெட்டியில்லாத டிரே பிராசஸர் மலிவாகக் கிடைக்கும், அதற்குக் கடைக்காரர் வாய் வார்த்தைதான் வாரன்டி.

மானிட்டர் செகண்ட் ஹேண்டில் எடுக்கலாமா?
– திருவொற்றியூர்

எடுக்கலாம், அதில் நன்றாகவே மிச்சம் பிடிக்கலாம். 24 இன்ச், ஃபுல் எச்டி, பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரை. முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் போட்டுப் பார்த்து, புள்ளியும் மஞ்சள் திட்டும் இல்லை என்றால் எடுங்கள். ஸ்டாண்டு உயரம் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் கூடக் கொஞ்சம் கொடுக்கலாம். கழுத்து வலி வந்த பிறகு செலவழிப்பதைவிடக் குறைவு.

வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டக் கார்டு வேண்டுமா?
– எண்ணூர்

படிக்க, சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம். 8 பில்லியன் பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) அளவு மாடல் 4 பிட்டுக்குச் சுருக்கினால் 5 ஜிபி சுமாருக்கு வரும், 16 ஜிபி ரேமில் பிராசஸரிலேயே மெதுவாக ஓடும். டிரெயினிங் பழக ஆன்லைனிலேயே ஓடும் கூகுள் கோலாப்பின் இலவசப் பகுதி இருக்கிறது. பின்னால் கார்டு வாங்கினால் அதன் ரேம் அளவைப் பாருங்கள். 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 பழசானாலும் 8 ஜிபி உள்ள புதுசைவிட இந்த வேலைக்கு உதவும். அன்றைக்கு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் புதுசில் மாட்டலாமா?
– கொருக்குப்பேட்டை

சாட்டா டிஸ்க் என்றால் மாட்டலாம். அதிலிருந்து விண்டோஸைக் கிளப்பாதீர்கள். விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் போட்டு, பழசை பேக்கப்புக்கு மட்டும் வையுங்கள். மாட்டியதும் முதல் வேலையாக அதில் உள்ள போட்டோவையும் நீங்கள் எழுதிய புரோகிராமையும் வெளியே எடுத்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சளோ சிவப்போ காட்டினால் பேக்கப்புக்கும் அது வேண்டாம். பட்டையாக அகலக் கேபிள் போன ஐடிஇ டிஸ்க் என்றால் புதுப் போர்டில் அதற்கு இடமே இல்லை. யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்.